வேலைக்குப் போகப்போகும் பிள்ளைகள் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வருகிற ஞாயிறு பின்னேரம் 3 மணிக்குப் பிரதான மண்டபத்தில் உங்களைச் சந்திக்க விரும்புகிறேன். புள்ளி அறிக்கைக்காக அல்ல, கட்டட நிதிக்காகவும் அல்ல. இந்த வருடம் எங்களை விட்டுப் போகும் பிள்ளைகளில் பலர் நேரே வேலைக்குத்தான் போவார்கள். விடியப்புறம் ஏ9 வீதியில் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களில் எத்தனை பேர் எங்கள் பழைய மாணவிகள் என்பது உங்களுக்குத் தெரியும். விடுகைப் பத்திரம் கொடுத்து அனுப்புகிறோம். வேலை இடத்தில் ஒருவர் அத்துமீறினால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லி அனுப்புவதில்லை.

அதைச் சொல்ல ஒரு சட்டத்தரணி வருகிறார். பல வருடம் வழக்காடியவர். இப்போது தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போய், அங்கே வேலை செய்பவர்களுக்கும் அவர்களை மேற்பார்வை செய்பவர்களுக்கும் வகுப்பெடுக்கிறார். நீதிமன்றத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "என்னட்ட வாற பிள்ளை எல்லாம் முடிஞ்ச பிறகுதான் வாறாள், ரீச்சர். அதுக்குள்ள வேலையும் போயிருக்கும், சாட்சி சொல்லவும் ஆள் இராது. அதுக்கு முந்தி அவளைக் காண வேணும்" என்றார்.

அவரை அழைக்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் தொண்டர் ஆசிரியராக இருந்த காலத்தில் நிரந்தர நியமனத்துக்கு ஒரு அதிகாரியின் சிபாரிசு தேவைப்பட்டது. "பின்னேரம் தனிய வாரும், ஆறுதலாக் கதைப்பம்" என்றார். நான் போகவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா முதலில் கேட்டது, "நீ ஏன் அந்தாளோட சிரிச்சுக் கதைச்சனி?" என்றுதான். அம்மாவுக்கு என்மேல் அன்பில்லாமல் இல்லை. இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலில் இருந்த நாட்கள். குமர்ப்பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் அவரை அப்படிக் கேட்க வைத்தது. ஆனால் அம்மா கண்மூடும்வரை அதற்குப் பிறகு அப்படியான ஒன்றையும் நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவை இருந்தன.

அன்று எனக்கு நடந்ததற்கு இன்று சட்டத்தில் பெயர் இருக்கிறது: பாலியல் இலஞ்சம். இலங்கையில் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. வீட்டுத்திட்டத்துக்கும் உதவித்தொகைக்கும் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கும் அம்மாமார், குறிப்பாகக் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள், இதை உங்களுக்காகவும் அறிந்து வைத்திருங்கள்.

தொட்டால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. 1995 இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி, சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு கொடுப்பதும் குற்றம். 5 வருடம் வரை சிறை விதிக்கலாம், நட்டஈடு கட்டவும் உத்தரவிடலாம். வேலை இடம் என்பதும் சுவருக்குள் மட்டும் இல்லை. சர்வதேசத் தொழில் தாபனம் 2019 இல் நிறைவேற்றிய 190ஆம் இலக்கச் சமவாயம் வேலைக்குப் போய்வரும் வழியையும், நிறுவனம் கொடுக்கும் விடுதியையும், தொலைபேசிச் செய்திகளையும் சேர்த்தே பேசுகிறது. சுப்பர்வைசர் இரவு 11 மணிக்கு அனுப்பும் வட்ஸ்அப் செய்தியும் வேலை இடத்து விடயம்தான்.

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?" என்ற கேள்வியைப் பற்றி அந்தச் சட்டத்தரணி அதிக நேரம் பேசுவார். அனிற்றா ஹில் என்ற அமெரிக்கப் பெண்ணின் கதையை எனக்குச் சொன்னார். ஒக்லஹோமாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் 13ஆவது பிள்ளை. சட்டம் படித்து, பிறகு சட்டப் பேராசிரியரானவர். உயர் நீதிமன்ற நீதியரசர் பதவிக்கு முன்மொழியப்பட்ட கிளாரன்ஸ் தோமஸ், தான் அவருக்குக் கீழே வேலை செய்த காலத்தில் தன்னைத் தொந்தரவு செய்தார் என்று 1991 ஒக்டோபரில் ஹில் அமெரிக்க செனற் சபைக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். குழுவில் இருந்த 14 பேரும் ஆண்கள். தோமஸ் மறுத்தார், முழுச் செனற் சபையிலும் 52க்கு 48 என்ற வாக்கில் அவருக்குப் பதவி கிடைத்தது. சட்டம் படித்த அந்தப் பெண்ணிடமே, ஏன் இத்தனை வருடம் பேசாமல் இருந்தாய் என்று கேட்டார்கள். எங்கள் 18 வயதுப் பிள்ளையிடம் நாங்களும் அதையே கேட்டால் அவள் எங்கே போவாள்?

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிய விடயம் இல்லை. பிள்ளை வந்து சொன்னால் முதலில் "நீ சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள். நாள், நேரம், இடம் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். செய்திகளை அழிக்க விடாதீர்கள். "வேலையை விட்டிட்டு வா" என்பதை அவள் கேட்காமல் நீங்கள் சொல்லாதீர்கள்; பிழை செய்யாதவளின் சம்பளம் ஏன் போக வேண்டும்? பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். பெண்களுக்கு உதவும் 1938 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

இனி எழுதுவது எனக்கும் என் ஆசிரியர்களுக்கும் உரியது. ஒருவரை ஒதுக்கி வைக்கும் பழக்கம் தொழிற்சாலையில் தொடங்குவதில்லை. 1977 இனக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளை இன்றைக்கும் பட்டம் சொல்லிக் கூப்பிடுவதை எங்கள் வகுப்பறைகளில் நான் கேட்டிருக்கிறேன். செயற்கைக் கால் போட்ட ஒரு பழைய மாணவன் கடையொன்றில் கணக்கெழுத விண்ணப்பித்தபோது, "மேல்மாடி ஏறேலாது" என்று திருப்பி அனுப்பினார்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையைக் காரணம் காட்டி வேலை மறுப்பதைத் தடுக்கிறது என்று அவனுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அது எங்கள் பிழை. பட்டப்பெயர்களை இந்தத் தவணையிலிருந்து வகுப்பில் அனுமதிக்கப் போவதில்லை. வீட்டிலும் நீங்கள் அனுமதிக்காதீர்கள்.

அப்பாமாரும் வர வேண்டும். ஆண்பிள்ளைகளும் நாளைக்கு ஒருவருக்கு மேலே அதிகாரியாக நிற்பார்கள்; இந்தக் கூட்டம் அவர்களுக்கும்தான். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவந்தால் பார்த்துக்கொள்ள ஆசிரியைகள் இருவர் நிற்பார்கள். இரணைமடு வாய்க்காலில் உங்கள் தண்ணி முறை அந்த நேரத்தில் வந்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். 10 பேர் சேர்ந்தாலும் உங்களுக்கென்று இன்னொரு நாள் வைக்கச் சட்டத்தரணி சம்மதித்திருக்கிறார்.

அன்புடன்,
அதிபர்