சகதியில் தள்ளாதே, தாயி

கோவில்பட்டி
மே 18

அன்புள்ள தாயி,

நீ அனுப்பிய வரைபடத்தை உன் தம்பி பெரிதாக அச்செடுத்துத் தந்தான். கடைச் சுவரில், டியூப் மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். மேலே கனடாவில் பான்ஃப், கீழே மெக்சிகோ எல்லையில் ஆன்டிலோப் வெல்ஸ். நடுவில் 4,300 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் மண் ரோடு, ராக்கி மலையில் ஏறி இறங்கி. 'டூர் டிவைட்' என்று நீ சொன்னபோது கூட்டமாகப் போகிற சுற்றுலா என்றுதான் நினைத்தேன். அது ஒவ்வொருவரும் தனியாக ஓட்டுகிற சைக்கிள் போட்டி, கட்டணம் இல்லை, பரிசு இல்லை, பின்னால் உதவிக்கு வண்டியும் வராது என்று புரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

நானும் வந்து காரில் பின்னாலேயே வருகிறேன் என்றேன். நீ சிரித்தாய். வழியில் எல்லாருக்கும் கிடைக்கிற உதவியை மட்டும்தான் வாங்கலாம், கடையில் சாப்பிடலாம், லாட்ஜில் படுக்கலாம், சைக்கிள் கடையில் ரிப்பேர் பார்க்கலாம், அப்பா கையால் ஒரு நட்டுகூட முடுக்கக் கூடாது என்றாய். வருத்தமாகத்தான் இருந்தது. யோசித்தால் நியாயமான சட்டம். சைக்கிள் கடைக்கார அப்பா இல்லாத பிள்ளையும் உன் பக்கத்தில்தானே நின்று கிளம்புகிறாள்.

சரி, கையால் செய்ய முடியாததை எழுதி அனுப்புகிறேன்.

மழை பெய்தால் அங்கே மண் ரோடு பசையாகிவிடும், நியூ மெக்சிகோவில் ரொம்ப மோசம், அதற்கு 'பீநட் பட்டர் சகதி' என்றே பேர் என்றாயே, அது நம் கரிசல்தான் தாயி, நிறம்தான் வேறு. ஏழாவது படிக்கும்போது மழையில் டியூஷன் விட்டுக் காட்டுப்பாதையில் வந்து மாட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? பத்தடி போவதற்குள் டயர் இரண்டு மடங்கு பருத்துவிட்டது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே களி இறுகி, சக்கரம் சுற்றாமல் கட்டை மாதிரி இழுபட்டது. ஒரு செருப்பை மண்ணே வாங்கிக்கொண்டது. அழுதுகொண்டே தள்ளி வீட்டுக்குக் கொண்டு வந்தபோது செயின் அறுந்திருந்தது. நான் உன்னைத் திட்டினேன். செயினைத்தான் பார்த்தேன், உன் காலைப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அது மனசில் கிடக்கிறது.

இப்போது உன்னிடம் இருக்கும் வண்டிக்கு ஆபத்து இன்னும் அதிகம். பின்சக்கரம் சகதியில் இறுகியிருக்கும்போது மிதித்தால் கியர் முறுக்கிக்கொண்டு ஒடிந்துவிடும். கியரைத் தாங்குகிற அந்தச் சின்ன அலுமினியத் துண்டு உபரியாக ஒன்று பையில் இருக்கட்டும். டயர் பருக்க ஆரம்பித்ததுமே இறங்கிவிடு. ஓரத்துப் புல்லில் உருட்டு. முடியவில்லையா, தோளில் தூக்கு. அதுவும் முடியவில்லை என்றால் உட்கார்ந்துவிடு. நல்ல வெயில் வந்தால் மேல்மண் பொருக்கு விடும், அப்புறம் போகலாம். சகதியை நோண்ட ஒரு தட்டைக் குச்சியை ஃப்ரேமில் கட்டி வைத்துக்கொள்.

வயோமிங்கில் கிரேட் டிவைட் பேசின் என்று போட்டிருக்கிற இடத்தில் ஏறக்குறைய 200 கிலோமீட்டருக்குக் கடை கிடையாது என்று தம்பி சொன்னான். அங்கே வெயிட்டைக் குறைக்கிறேன் என்று தண்ணீரைக் குறைக்காதே.

இதே போட்டியை ஓட்டிய லேல் வில்காக்ஸ் பற்றி நீ சொன்னதைக் கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். 2015இல் அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து பான்ஃப் வரைக்கும் சைக்கிளிலேயே வந்து, அங்கிருந்து கிளம்பி 17 நாளில் முடித்தாள். அது போதாதென்று அதே வருஷம் தனியாக மறுபடி ஓட்டி 15 நாள் சில்லறையில் வந்தாள். எப்பேர்ப்பட்ட பிள்ளை! ஆனால் மைக் ஹாலையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2016இல் இதே போட்டியை 14 நாளுக்குள் முடித்தவர், அடுத்த வருஷமே ஆஸ்திரேலியாவில் இன்னொரு நெடும்பயணப் போட்டியில், விடியும் முன் கார் மோதிப் போய்விட்டார். அவரைப் பெற்றவர்களை நினைத்தால் கை நடுங்குகிறது. தார் ரோட்டில் ஏறும்போதெல்லாம் பின்விளக்கு எரிகிறதா என்று இறங்கிப் பார். மற்றவர்கள் மூன்று மணி நேரம் தூங்கினால் நீ ஆறு மணி நேரம் தூங்கு. 25 நாள் ஆகட்டும், 30 நாள் ஆகட்டும், எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

வரைபடத்தில் உன் புள்ளி நகர்வதைத் தம்பி போனில் பார்த்தபடியே இருப்போம். நமக்குப் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். நீ காலையில் மிதிக்கும்போது இங்கே ராத்திரி. புள்ளி நின்றால் நான் போன் பண்ண மாட்டேன். தூங்குகிறாய், இல்லை மண் காய்கிறது என்று எடுத்துக்கொள்வேன். நிறுத்திவிடலாம் என்று தோன்றினால் அப்பா என்ன நினைப்பார் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காதே. நிறுத்து. எந்த ஊரில் நின்றாலும் அதுவரை வந்தது நீ மிதித்து வந்ததுதான்.

அம்மா இரண்டு கிலோ கடலைமிட்டாய் பார்சல் போட்டிருக்கிறாள். நீ கிளம்பும் முன்பே பான்ஃபுக்குப் பக்கத்து ஊரான கால்கரிக்கு வந்துவிடும், அதனால் சட்டத்துக்குக் குறை இல்லை. பகலில் சட்டைப் பையில் வைத்துத் தின்னு. ராத்திரி கூடாரத்துக்குள் ஒரு துண்டுகூட வேண்டாம், கரடிக் காடு. மற்ற சாப்பாட்டோடு பையில் கட்டி, தூரமாக, உயரமாகத் தொங்கவிடு.

அன்புடன்,
அப்பா