பெரிய மாமாவும் சூப் கடைக்காரரும்

அன்புள்ள கண்ணா,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ நகைச்சுவை மேடையில் பெரிய மாமாவைப் பற்றிப் பேசிய வீடியோவை அக்கா காட்டினாள். நன்றாகவே சிரித்தேன். ஆனால் "நல்லா இருந்துச்சாம்மா?" என்று நீ கேட்டபோது ஒழுங்காகப் பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன். பதில் இப்போதுதான் கைக்கு வந்தது. கொஞ்சம் ஊரைச் சுற்றித்தான் அதற்கு வருவேன், பொறுத்துக்கொள்.

அக்காவும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டால் நியூ ஜெர்சியின் எடிசனில் பகல் முழுக்க எனக்கு என்ன வேலை? நீ பழக்கிவிட்ட சைன்ஃபெல்ட் என்ற அந்த அமெரிக்கச் சிரிப்பு நாடகத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள், இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அந்த இடங்களைப் பார்க்காமல் ஊருக்குப் போவதாவது என்று தோன்றியது. ரயிலேறி பென் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து 1-ஆம் எண் சுரங்க ரயிலைப் பிடித்தேன். சுற்றுலா பஸ் எதுவும் தேவையில்லை. நான் பார்க்க நினைத்த இடமெல்லாம் மன்ஹாட்டனின் மேற்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கின்றன: 112-ஆம் தெரு, 81, 55, 43. மேலே போய் இறங்கிக்கொண்டு கீழ்நோக்கி வந்தால் போதும். இருபது தெரு தாண்டினால் ஒரு மைல் என்கிறார்கள். கால் வலித்தால் ரயில் இருக்கவே இருக்கிறது.

நாயகன் ஜெர்ரியும் நண்பர்களுமாக நால்வரும் உட்கார்ந்து வெட்டிக்கதை பேசும் சாப்பாட்டுக் கடை பிராட்வேயும் 112-ஆம் தெருவும் சேரும் மூலையில் இருக்கிறது. நாடகத்தில் அதற்குப் பெயர் மங்க்ஸ். நிஜத்தில் டாம்ஸ் ரெஸ்டாரண்ட். கேமராவை ஒரு பக்கமாக வைத்து 'ரெஸ்டாரண்ட்' என்ற எழுத்து மட்டும் விழுகிற மாதிரி எடுத்திருக்கிறார்கள். நான் ரோட்டைக் கடந்து அந்தக் கோணம் எங்கே கிடைக்கிறது என்று தேடினேன். கிடைத்தது. டாம் என்ற பெயர் மறைந்ததும் டிவியில் பார்த்த கடை அப்படியே எதிரில் நின்றது. உள்ளே போனால்தான் குழப்பம். சுவரில் நாடகத்தின் படங்கள் மாட்டியிருக்கிறார்கள், ஆனால் அந்த நால்வரின் மேஜையைத் தேடிப் பயனில்லை. உள்ளே நடக்கும் காட்சி எல்லாம் உங்கள் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம், ஸ்டுடியோ சிட்டியில் போட்ட செட். காபியும் சீஸ் டோஸ்டும் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

அந்தக் கட்டடத்தைப் பற்றி உனக்குத் தெரியுமா? அது கொலம்பியா பல்கலைக்கழகத்துடையது. கடைக்கு மேல் மாடிகளில் பல ஆண்டுகள் நாசாவின் கோடார்டு ஆய்வு நிலையம் இருந்திருக்கிறது. பூமி சூடாகிறது என்று 1988-இல் அமெரிக்க செனட்டில் சாட்சி சொன்ன ஜேம்ஸ் ஹான்சன்தான் அப்போது அதன் தலைவர். மேலே பூமியின் காய்ச்சலைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாடகத்தில் அதே கட்டடத்தின் வாசலைக் காட்டிவிட்டு, சட்டையின் இரண்டாவது பொத்தான் சரியான இடத்தில் இருக்கிறதா என்று கீழே விவாதிக்கிறார்கள். எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

81-ஆம் தெருவில் சொல்ல அதிகமில்லை. நாடகத்தில் ஜெர்ரியின் விலாசம் மேற்கு 81-ஆம் தெரு, 129-ஆம் எண். ஜெர்ரியாக நடித்த ஜெர்ரி சைன்ஃபெல்ட் நிஜமாகவே அந்தத் தெருவில் குடியிருந்தவர்தான். போய் நின்றால் "இது இல்லையே" என்றிருக்கிறது, ஏனென்றால் டிவியில் வருகிற கட்டடம் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறது. சவுத் நியூ ஹாம்ப்ஷயர் அவென்யூ, 757. நீ இருக்கும் ஊரிலேயே இருப்பதை இத்தனை வருடம் எனக்குச் சொல்லவில்லையே! ஒருநாள் அந்தப் பக்கம் போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. வாசலில் நின்று எடு, உள்ளே போய்விடாதே. ஆட்கள் குடியிருக்கும் இடம்.

அப்புறம் 55-ஆம் தெரு, எட்டாவது அவென்யூவுக்குப் பக்கம். இங்கேதான் எனக்கு உன் நினைவு வந்தது. அல் யெகனே என்ற ஈரானியர் 1984-இல் திறந்த சூப் கடை. வரிசை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், எந்த சூப் என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும், காசு கையில் தயாராக இருக்க வேண்டும், சொல்லி முடித்ததும் இடது ஓரத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். இந்தச் சட்டங்களை எந்த எழுத்தாளரும் கற்பனை செய்யவில்லை, கடையிலேயே எழுதி வைத்திருந்தாராம். சின்ன இடம், மதியத்தில் தெருவை அடைத்த கூட்டம். அப்படிச் சொல்லாமல் எப்படி விற்பது? 1995 நவம்பரில் அவரை வைத்து எடுத்த எபிசோட் ஒளிபரப்பானது. அதோடு அவருக்கு 'சூப் நாஜி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வியாபாரம் பெருகியது, சுற்றுலாக்காரர்கள் குவிந்தார்கள். ஆனால் மனிதர் அந்தப் பெயரை மன்னிக்கவே இல்லை. பேட்டி எடுக்க வருகிறவர்கள் அந்தச் சொல்லை உச்சரிக்கவே கூடாது என்பார். சைன்ஃபெல்டே கடைக்கு வந்தபோது திட்டித் தீர்த்து மன்னிப்புக் கேட்கச் சொன்னாராம். 2004-இல் கடையை மூடினார்கள், 2010-இல் அதே இடத்தில் மறுபடி திறந்தார்கள்.

யோசித்துப் பார். சட்டங்களைக் காட்டியதற்காகவா அவர் கோபித்தார்? அவை அவருடையவைதானே, அவரே மாட்டியவை. மேலே ஒட்டிய பட்டம்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஒன்று நடந்தது, மற்றது வெளியிலிருந்து ஒருவர் சூட்டியது.

43-ஆம் தெருவில் மன்ஹாட்டன் பிளாசா. நடிகர்கள், கலைஞர்களுக்குச் சலுகை வாடகையில் கொடுக்கும் பெரிய அடுக்குமாடி. இங்கேதான் இந்த நாடகத்தைச் சைன்ஃபெல்டோடு சேர்ந்து உருவாக்கிய லாரி டேவிட் இருந்தார். எதிர் வீட்டில் கென்னி கிரேமர். அந்த எதிர் வீட்டுக்காரரையே கதைக்குள் எடுத்துக்கொண்டார்கள். 1989-இல் வந்த முதல் எபிசோடில் பாத்திரத்தின் பெயர் கிரேமர் இல்லை, கெஸ்லர். பெயரை எடுத்தால் தகராறு வருமோ என்ற தயக்கம். பிறகு பேசி முடித்துத்தான் கிரேமர் என்று வைத்தார்கள். என் வேடத்தில் நானே நடிக்கிறேன் என்று கென்னி கேட்டுப் பார்த்திருக்கிறார், கொடுக்கவில்லை. மனிதர் அதற்காக மூலையில் உட்காரவில்லை. 1996-இல் ஒரு பஸ்ஸைப் பிடித்து, "நான்தான் அசல் கிரேமர்" என்று டிக்கெட் போட்டு, இதே இடங்களைச் சுற்றிக்காட்ட ஆரம்பித்துவிட்டார். மறு வருடமே நாடகத்துக்குள் இருக்கும் கிரேமர், "நான்தான் அசல் பீட்டர்மேன்" (பீட்டர்மேன் அதில் வரும் இன்னொரு பாத்திரம்) என்று பஸ் விடுகிற மாதிரி ஒரு எபிசோட் எடுத்தார்கள். நீ அதைப் பார்த்துத் தரையில் புரண்டு சிரித்தது நினைவிருக்கிறதா? இவர் 2001-இல் மேயர் தேர்தலிலும் நின்றிருக்கிறார். எதையும் விடுகிற ஆளில்லை.

இப்படி நாடகத்துக்குள் வந்த இன்னொரு குடும்பமும் இருக்கிறது, அதற்குப் போய்ப் பார்க்க இடம் எதுவும் இல்லை. ஃபெஸ்டிவஸ் பண்டிகை. டேனியல் ஓகீஃப் என்ற அப்பா 1966-இல் தன் வீட்டுக்காக இட்டுக்கட்டிய விழா அது. ஒரு கடிகாரத்தைப் பைக்குள் போட்டுச் சுவரில் அடித்து மாட்டுவாராம். ஒருவர் மேல் ஒருவருக்குள்ள குறைகளைச் சொல்லிக் கேசட்டில் பதிவு செய்வார்களாம். மகன் டான், சைன்ஃபெல்ட் நாடகத்துக்கு எழுதப் போனார். வீட்டுக் கூத்தை வெளியே சொல்ல அவருக்குக் கூச்சம். சகோதரர் ஒருவர் உளறிவிட, மற்ற எழுத்தாளர்கள் விடவில்லை. 1997 டிசம்பரில் ஊர் உலகமே பார்த்தது. அந்தப் பண்டிகைக்கு நட்டுவைக்கும் அலுமினியக் கம்பம் மட்டும் நாடகக்காரர்கள் சேர்த்தது. அந்த மகனின் கூச்சம் எனக்குப் பிடித்திருக்கிறது. எழுதினார்தான், ஆனால் துள்ளிக் குதித்துக்கொண்டு போய் விற்கவில்லை.

இப்போது பெரிய மாமா. கல்யாணப் பந்தியில் அவர் போடும் சட்டங்களை நீ அப்படியே பிடித்திருக்கிறாய். ரசம் வருவதற்குள் எழுந்திருக்காதே, இலைக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்காதே, பாயசம் இரண்டாம் முறை கேட்காதே. அந்தக் குரலும் அவரேதான். ஆனால் 'பந்தி ஹிட்லர்' என்று ஒரு பெயர் வைத்தாய் பார், அங்கே கூட்டம் சிரித்தது, எனக்கு நின்றுவிட்டது.

உனக்குத் தெரியாத ஒன்று. என் கல்யாணத்தில் கடைசிப் பந்திக்குச் சாப்பாடு பத்தவில்லை. உன் அப்பா வீட்டுப் பெரியவர்கள் சிலர் வெறும் இலை முன்னால் காத்திருந்துவிட்டு எழுந்து போனார்கள். உன் தாத்தா அப்போது உயிரோடு இல்லை, எல்லாம் மாமா தலையில். அன்றைக்கு அவர் முகத்தை நான் மணமேடையிலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு நம் வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் அவர் பந்தியை விட்டு நகர்ந்ததில்லை, முதலில் உட்கார்ந்து சாப்பிட்டதும் இல்லை.

இதைச் சேர்த்தால் சிரிப்பு கூடுமா குறையுமா என்று எனக்குத் தெரியாது, அது உன் தொழில். சட்டங்கள் இருக்கட்டும். பாயசமும் இருக்கட்டும், அது ரொம்ப நன்றாக இருக்கிறது. பட்டப்பெயரை எடுத்துவிடு. மற்றதை அவரிடமே செய்து காட்டிக் கேள். திட்டினாலும் திட்டுவார், அல்லது நீ விட்டுப்போன நாலு சட்டத்தை அவரே எடுத்துக் கொடுத்தாலும் கொடுப்பார். எனக்கென்னவோ இரண்டாவதுதான் நடக்கும் என்று படுகிறது.

அவர் சீக்கிரம் படுத்துவிடுகிறார் இப்போதெல்லாம். உங்கள் ஊர்க் காலை ஏழு மணிக்கே கூப்பிட்டுவிடு, ஞாயிற்றுக்கிழமை என்றால் அத்தையும் வீட்டில் இருப்பாள். 757-இன் போட்டோவை மறக்காதே.

அன்புடன்,
அம்மா