ஆங்கிலப் பாடத்துக்கு ஒரு மூலை தாருங்கள்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறை என்று நீங்களும் எழுதிக் களைத்துவிட்டீர்கள், நாங்களும் வாசித்துக் களைத்துவிட்டோம். ஆட்கள் வரும்போது வரட்டும். அதுவரை என்னைப் போல கணிதத்துக்கு வந்துவிட்டு ஆங்கிலமும் எடுக்கிறவர்கள் என்ன செய்வது? ‘இன்டர்நெட்டில் பார்த்துப் படிப்பியுங்கோ’ என்று சொல்லிவிடுவார்கள். தேடினால் முதலில் வந்து நிற்பது முப்பது நாளில் சரளமாகப் பேசவைக்கிற வீடியோக்கள்தான். டேட்டா முடிவதுதான் மிச்சம்.

நல்லவையும் இருக்கின்றன, இலவசமாகவே. எனக்கு அதிகம் கைகொடுப்பது இந்தியாவின் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர். படம் போட்ட சிறுவர் கதைகள், வாசிப்பு மட்டத்துக்கு ஏற்பப் பிரித்திருக்கிறார்கள், பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும், இறக்கிப் பிரதியெடுக்கவும் தடையில்லை. முதலில் தமிழில் வாசிக்கவிட்டு அடுத்தநாள் அதே கதையை ஆங்கிலத்தில் கொடுத்தால், கதை தெரிந்த துணிவில் பிள்ளைகள் சொற்களைத் தாங்களே ஊகித்துக்கொண்டு போகிறார்கள். பிபிசியின் ஆறு நிமிட ஆங்கிலம் சாதாரண தரப் பரீட்சை எடுக்கிற பிள்ளைகளுக்குச் சரி, ஒலிப்பதிவோடு எழுத்து வடிவமும் இருக்கிறது. சின்ன வகுப்புக்கு அது தாங்காது.

பிரிட்டிஷ் கவுன்சிலின் சிறுவர் தளத்தில் அச்செடுக்கக்கூடிய பயிற்சித்தாள்கள் நிறைய, ஆனால் பனிமனிதனை வைத்து எங்கள் பிள்ளைகளோடு எவ்வளவு நேரம் கதைப்பது? கேள்விகளை அப்படியே விட்டுப் படங்களை மட்டும் மாற்றினேன்: குளக்கட்டில் தூண்டில் போடுகிறவர், உழவு இயந்திரம் ஓட்டுகிறவர், யானைவேலிக்குக் கம்பி இழுக்கிறவர். ‘வட் இஸ் ஹீ டூயிங்?’ என்றதும் வாயே திறக்காத பின்வாங்கிலிருந்தும் கை எழும்பியது.

இதையெல்லாம் ஒவ்வொரு ஆசிரியரும் தனித்தனியே, சிக்னல் தேடி வளவுக்குள் நடந்து நடந்து கண்டுபிடிக்கத் தேவையில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு மாதிரி வினாத்தாள் போடுகிறீர்கள்தானே, அந்தப் பக்கத்திலேயே ஒரு மூலையைத் தாருங்கள். தரம் 6 பாடநூலின் இந்த அலகுக்கு இந்தக் கதை, இந்த ஒலிப்பதிவு, இறக்க இத்தனை எம்பி டேட்டா போகும், அவ்வளவு போதும். கல்வி வலயங்களில் இருக்கும் ஆங்கில ஆசிரிய ஆலோசகர்களிடம் கேட்டால் எழுதித் தருவார்கள் (அவர்களுக்கும் மூச்சுவிட நேரமில்லை என்பது வேறு கதை). பக்கத்தில் கியூஆர் குறியீட்டையும் அச்சடித்துவிடுங்கள், நீட்டு முகவரியை போனில் தட்டிப் பிழைவிடுகிற வேலையாவது குறையும்.

ஓர் ஆசிரியை,
ஒட்டுசுட்டான்