நாலு வருஷம் வீசிங்னே சொல்லிக்கிட்டு இருந்தோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல மழைக்கால நோய் பத்தி போட்டிருந்தீங்க, அதுல குழந்தைங்களுக்கு வர்ற வீசிங், அதாவது மூச்சு இழுப்பு, அதப் பத்தி நாலே வரில முடிச்சுட்டீங்க, அதான் எழுத உட்கார்ந்தேன்.

எங்க பொண்ணுக்கு மூணு வயசுலேர்ந்து இந்த வீசிங். ஆஸ்துமாங்கற வார்த்தைய வீட்ல யாரும் வாய்தவறிக்கூட சொல்ல மாட்டோம், பொம்பளப் புள்ள, நாளைக்கு வரன் பாக்கணும்லனு எங்க அத்தை. வீசிங்னா சளி மாதிரி வந்துட்டு போயிடும், ஆஸ்துமான்னா கூடவே இருக்கறது, அப்படித்தான் மனசுல. நடுராத்திரி ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடி, மருந்த புகை மாதிரி இழுக்க வெக்கற நெபுலைசர் வெச்சுட்டு வருவோம், காலைல அவ ஓடி ஆடறத பாத்துட்டு சரியாப்போச்சுனு விட்டுடுவோம். மூச்சுக்குழாய்ல வீக்கம் உள்ளுக்குள்ள அப்படியே இருக்கும்னு யாருக்குத் தெரியும்?

இன்ஹேலர் வேணாம், பழகிடும்னு பயந்து, மூச்சுக்குழாய விரிக்கற சால்பியூட்டமால் மாத்திரைல பாதி குடுத்துட்டிருந்தோம். அப்புறம் பாத்த டாக்டரம்மாதான் இது ஆஸ்துமான்னு சொல்லி, சீட்டு பின்னாடி கணக்கு போட்டு காட்டினாங்க. முழு மாத்திரை 4 மில்லிகிராம், பாதின்னா 2000 மைக்ரோகிராம். இன்ஹேலர்ல ஒரு அடிக்கு 100தான். அதாவது 20 அடி மருந்து, அதுவும் நேரா நுரையீரலுக்கு போகாம வயித்துக்கு போயி ரத்தத்துல கலந்து உடம்பெல்லாம் சுத்திட்டு. அவளுக்கு கை நடுங்கி நெஞ்சு படபடனு அடிச்சுக்கிட்டது இதனாலதானா!

இன்ஹேலர்லயே ரெண்டு இருக்கு. மூச்சு முட்டறப்ப அடிக்கறது ஒண்ணு, நல்லா இருக்கறப்பவும் தெனம் காலைல ராத்திரில அடிக்கறது ஒண்ணு. வீக்கத்த குறைக்கறது ரெண்டாவதுதான், அது ஸ்டீராய்டுன்னதும் நாங்க அலறிட்டோம், ஆனா அளவு கம்மிங்க. இன்ஹேலர் முன்னாடி ஸ்பேசர்னு ஒரு பிளாஸ்டிக் குழாய் மாட்டி அடிக்கணும், முடிச்சதும் வாய் கொப்பளிச்சு துப்பணும், இல்லன்னா நாக்குல வெள்ளையா பூஞ்சை புடிச்சுக்கும். சும்மா வாய்ல வெச்சு புஸ்ஸுனு அடிச்சா பாதிக்கு மேல தொண்டைலயே ஒட்டிக்குமாம், இத எங்களுக்கு மொத தடவ யாருமே சொல்லித்தரல.

கொசுவத்திய நிறுத்திட்டோம். தலையணை உறை வாரம் ஒரு தடவ சுடுதண்ணில. போகி அன்னிக்கு மட்டும் ஒண்ணும் பண்ண முடியல, தெருவுல டயர கொளுத்துறாங்க, நாங்க கதவு ஜன்னல் சாத்திட்டு உள்ளயே கெடக்கறோம். அத்தை வெள்ளிக்கிழமை சாம்பிராணிய வாசல்லயே காட்டிட்டு வர்றாங்க, அவங்களுக்கு அந்தக் கோவம் இன்னும் தீரல.

இப்ப எட்டாவது படிக்கறா, ராத்திரி ஆஸ்பத்திரி ஓட்டம் நின்னு ரெண்டு வருஷம் ஆகுது. ஆனா ஸ்கூல்ல அவ பைலேர்ந்து இன்ஹேலர எடுத்து ஆபீஸ் ரூம்ல பூட்டி வெச்சுட்டாங்க, மருந்து மாத்திரை பிள்ளைங்க கைல இருக்கக் கூடாதாம். கிரவுண்ட்ல மூச்சு வாங்கினா அவ அங்கேர்ந்து வந்து ரெண்டு மாடி ஏறி, சாவி யார்கிட்டனு கேட்டு வாங்கணும். அடுத்த இதழ்ல இதப் பத்தி எழுதுங்க சார், அந்தப் பக்கத்த வெட்டி எடுத்து மிஸ்கிட்ட கொண்டு போய் காட்டறேன்.

ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை