குமரகம் கல்விச் சுற்றுலா: பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஜனவரியில் கேரளத்திலுள்ள குமரகத்துக்கும் குட்டநாட்டுக்கும் அழைத்துச் செல்கிறோம். “படகு வீட்டில் ஏற்றுவீர்களா சார்?” என்று பலர் கேட்டீர்கள். இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வேம்பநாட்டுக் காயல் என்னும் பெரிய ஏரியையொட்டிய அந்த வயல்கள் கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்தவை. சில இடங்களில் 2 மீட்டருக்கும் மேல் பள்ளம். நம் கம்பம் ஊரில் நாம் வாய்க்கால் தண்ணீரை வயலுக்குத் திருப்புகிறோம். அங்கே வயலில் நிற்கும் தண்ணீரை வெளியே இறைத்த பிறகுதான் விதைக்கவே முடியும். வள்ளத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தால் நெற்பயிர் நமக்குக் கீழே நிற்கும். நடுவில் இருப்பது ஒரு கரை மட்டுமே. அது உடைந்தால் ஒருவர் வயலோடு போகாது, ஒரே கரைக்குள் அடங்கிய வயல் தொகுதியான பாடசேகரம் முழுவதும் மூழ்கும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் உலக வேளாண் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்ட விவசாயம் இது.

எஞ்சின் படகுகள் கிளப்பும் அலை அந்தக் கரையைத்தான் அரிக்கிறது. படகு வீடுகளின் எண்ணெயும் கழிவும் கலக்கும் அதே தண்ணீரில்தான் ஊர்க்காரர்கள் மீன் பிடிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள். எனவே நம் பிள்ளைகள் துடுப்பு வள்ளத்தில்தான் போவார்கள். மெதுவாகத்தான் போகும், பார்ப்பதற்கு அதுவே நல்லது.

குமரகத்தில் விடுதிகளுக்கான காய்கறியை உள்ளூர் விவசாயிகளிடமும் குடும்பஸ்ரீ என்னும் மகளிர் குழுப் பெண்களிடமும் வாங்கும் ஏற்பாடு 2008-இல் தொடங்கியது. வருகிறவர்களின் பணம் ஊருக்குள்ளேயே தங்க வேண்டும் என்பதே நோக்கம். நாமும் மதியச் சாப்பாட்டை ஊர்ப் பெண்களிடமே சொல்லியிருக்கிறோம். கயிறு திரிக்கவும் ஓலை முடையவும் சொல்லித்தருபவர்களுக்கும் தனியே கூலி உண்டு. கட்டணம் சற்றுக் கூடியதற்கு இதுவே காரணம். கட்ட முடியாதவர்கள் தயங்காமல் என்னிடம் சொல்லுங்கள். பணத்துக்காக ஒரு பிள்ளையும் நின்றுவிடக் கூடாது.

சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட்டுகள் வேண்டாம். எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். செல்போன் கொடுத்தனுப்பவே வேண்டாம். படித்துறையில் குளிப்பவர்களை, வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்காமல் படமெடுப்பதைப் பெரியவர்களே செய்கிறார்கள். நம் வரப்பில் யாரோ ஏறி நின்று ஆட்டம் போட்டால் சும்மா இருப்போமா? வீட்டிலும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

விவசாயம் செய்யும் பெற்றோர் இருவர் உடன் வந்தால் பேருதவியாக இருக்கும். அங்குள்ள விவசாயிகளிடம் என்ன கேட்பது என்று எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். வர விரும்புவோர் சம்மதக் கடிதத்திலேயே குறிப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்