மிளகு போடாத மிளகு மணம்

துர்னே, பெல்ஜியம்
செப்டம்பர் 3

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் அத்தை கொடுத்தனுப்பிய சுக்குக் கருப்பட்டியும் சென்ற வாரம் பத்திரமாக வந்து சேர்ந்தன. இந்த நாட்டில் தண்ணீருக்குப் பதிலாக பீர் குடிக்கிறார்களாமே, அது நம் ஊர்க் கடைகளில் விற்பதைப் போன்றதுதானா என்று கேட்டிருந்தீர்கள். போன சனிக்கிழமைதான் அதற்கு ஒழுங்காகப் பதில் எழுதும் தகுதி எனக்கு வந்தது. அம்மாவுக்கு இக்கடிதத்தை வாசித்துக் காட்ட வேண்டாம். கேட்டால், பார்லியைப் பற்றி எழுதியிருக்கிறான் என்று சொல்லிவிடுங்கள். அது முழுப் பொய்யும் ஆகாது.

நான் இருக்கும் எனோ மாகாணம் பிரெஞ்சு பேசும் வலோனியாப் பகுதியைச் சேர்ந்தது. கோதுமையும் பீட்ரூட் வகைச் சர்க்கரைக் கிழங்கும் விளையும் சமவெளி. முற்காலத்தில் இங்குள்ள பண்ணைகள் குளிர்காலத்திலேயே பீர் காய்ச்சி வைத்துவிட்டு, கோடையில் அறுவடைக்கு வரும் கூலியாட்களுக்கு வயலில் தாகத்துக்குக் கொடுத்தார்களாம். கோடை வெயிலில் காய்ச்சினால் கெட்டுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. பருவத்துக்கு உரியது என்ற பொருளில் அதற்குச் 'செசோன்' என்று பெயர். குடித்தபின் மறுபடி அரிவாளைப் பிடிக்க வேண்டுமே, ஆகையால் அந்நாளைய செசோனில் போதை மிகக் குறைவாகவே இருந்தது என்கிறார்கள்.

என்னோடு கிடங்கில் வேலை செய்யும் ஒரு பெரியவர் காரில் இருபது நிமிடத் தொலைவிலுள்ள பிப்பே என்ற சிற்றூருக்கு என்னை அழைத்துச் சென்றார். அங்கே 1785-இல் தொடங்கிய சிறிய பீர் ஆலை ஒன்று இன்னும் நீராவியால் இயங்குகிறது. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை பீர் காய்ச்சும்போது வெளியாட்களும் நின்று பார்க்கலாம். 1895-ஆம் ஆண்டின் நீராவி எந்திரம் மூச்சு வாங்கிக்கொண்டு சுழல, தோல் பட்டைகள் ஓட, முளைகட்டி உலர்த்திய பார்லியின் நொய்யும் வெந்நீரும் ஒரு பெரிய தொட்டியில் கலங்குகின்றன. பழைய அரிசி ஆலையையும் அடுப்பிலிருக்கும் கஞ்சியையும் ஒரே அறையில் வைத்தது போன்ற சத்தமும் வாசனையும்! 1984-இல் இதை வாங்கி, மூடாமல் காப்பாற்றியவர் ழான்-லூயி டிட்ஸ்.

இவர்களுடைய செசோனில் சேரும் பொருள்களைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்: மிளகு, இஞ்சி, ஆரஞ்சுத் தோல், அன்னாசிப்பூ. அத்தையின் கஷாயத்துக்குப் பாதி தயார். ஆனால் வாயில் வைத்தபோது கஷாயம் நினைவுக்கு வரவில்லை. முதலில் நுரையோடு எலுமிச்சை போன்ற ஒரு புளிப்பு. விழுங்கிய பிறகுதான் தொண்டையின் பின்புறம் இஞ்சியின் காரம் மெல்ல எழும்பி, இனிப்பே இல்லாமல் அடங்கியது. பையில் இருந்த சுக்குக் கருப்பட்டியில் ஒரு துண்டை உடைத்துப் பெரியவரிடம் கொடுத்தேன். அதைக் கடித்து, ஒரு வாய் குடித்து, வெகுநேரம் யோசித்துவிட்டு, இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றார்.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் தூர்ப் என்ற ஊரில் டுப்போன் ஆலை இருக்கிறது. இந்த வகை பீருக்கே இலக்கணமாகச் சொல்லப்படும் செசோன் அங்கே காய்ச்சப்படுகிறது, 6.5 சதவீதம் ஆல்கஹால் என்றாலும் நாவில் கனம் தெரிவதில்லை. ஊர்க் கடையில் அதை ஊற்றித் தந்தார்கள். இளம் வைக்கோல் நிறம், கொஞ்சம் கலங்கல், கண்ணாடிக் கோப்பையில் பாதிக்கு நுரை. முகர்ந்து பார்த்து, இதில் மிளகு கூடுதல் என்று தெரிந்தவனைப் போலச் சொன்னேன். பெரியவர் சிரித்துவிட்டார். அதில் மிளகும் இல்லை, வேறு எந்த மசாலாவும் இல்லையாம். பார்லி, கசப்புக்காக ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, தண்ணீர், நுரைக்க வைக்கும் ஈஸ்ட் அவ்வளவுதான். மற்ற ஆலைகள் பெரும்பாலும் ஈஸ்ட்டைச் சுமார் இருபது டிகிரியிலோ அதற்குக் கீழேயோ வைத்துப் பார்த்துக்கொள்ள, இவர்கள் முப்பதுக்கு மேல், நம் ஊர் வெயிலின் அளவுக்கு விடுகிறார்கள். அந்தச் சூட்டில் அந்த ஈஸ்ட் சர்க்கரையை ஏறக்குறைய முழுவதும் தின்று தீர்ப்பதோடு, மிளகையும் எலுமிச்சைத் தோலையும் ஒத்த மணத்தைத் தானே உண்டாக்கிவிடுகிறது. பிறகு புட்டிக்குள்ளும் ஒருமுறை நுரைக்க விட்டு, சில வாரங்கள் கிடையாக அடுக்கி வைக்கிறார்கள்.

கள்ளைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் அப்போது நினைவுக்கு வந்தது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் வெயில் ஏறுமுன் கள். 1987-இல் கடைகளை மூடும்வரை கணபதி அண்ணாச்சி மரத்துக் கள்ளில் மட்டும் பலாப்பழ வாசனை வரும் என்பீர்களே, அவர் அதில் பலாச்சுளையா போட்டார்? நான் அதை உங்கள் கற்பனை என்றே இத்தனை காலம் எண்ணியிருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள். கள் அன்றைக்கே புளித்துவிடும், இதுவோ ஹாப்ஸின் கசப்பாலும் மிச்சச் சர்க்கரை இல்லாததாலும் ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்பதுதான் வேறுபாடு.

இன்னொரு செய்தி. டுப்போன் குடும்பத்துக்கு அந்த ஆலை வந்த கதை: மகன் லூயி கனடாவுக்குப் போய்ப் பண்ணை வைக்கக் கிளம்பியபோது, அவனைத் தடுத்து நிறுத்தவே 1920-இல் தந்தை ஆல்ஃபிரெட் இந்தப் பண்ணையையும் பீர் ஆலையையும் வாங்கினாராம். உடன்குடி பஜாரில் எனக்கு ஒரு கடை பிடித்துத் தருவதாக நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? ஒரு பீர் ஆலை என்று சொல்லியிருந்தால் நானும் சற்று யோசித்திருப்பேன்.

டிசம்பரில் வரும்போது, கார்க் வைத்துக் கம்பி கட்டிய 750 மில்லி புட்டி இரண்டு கொண்டு வருகிறேன். இரண்டு லிட்டர் வரை அனுமதி உண்டு. ஐஸ் போட்டுவிடாதீர்கள், மணம் செத்துவிடும். மண்பானைத் தண்ணீர் அளவுக்குக் குளிர்ந்தால் போதும். பொரித்த நெத்திலியோடு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் இங்கே நெத்திலிக்கு எங்கே போவேன்? அதை நீங்கள் வாங்கி வைத்துவிடுங்கள்.

அத்தைக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்