பிரிஸ்பேனிலிருந்து தம்பிக்கு

பிரிஸ்பேன்
ஜூலை, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

நலம். வீட்டில் எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஜூலை குளிர்காலம் என்று அம்மாவிடம் சொல். குளத்து நீரைச் சூடாக்கி வைப்பதால் நீந்துகிற பிள்ளைகளுக்குக் குளிர் தெரியாது. கரையில் நிற்கிற கோச்சுக்குத்தான் பல் கிட்டும்.

நீச்சல் கோச் வேலைக்கு இங்கே வரலாமா என்று கேட்டிருந்தாய். 2032 ஒலிம்பிக் இந்த ஊரில்தான். அதை நினைத்து மட்டும் வராதே. பல கிளப்புகளில் அடுப்பு எரிவது நாலு வயதுக் குழந்தைகளின் நீச்சல் வகுப்பால்தான். புதிதாக வருகிற கோச்சும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்க வேண்டும்: வெதுவெதுப்பான சின்னக் குளத்தில் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, நீருக்குள் மூச்சை வெளியே விடப் பழக்குவது. அதற்கும் முன்னால் 'ப்ளூ கார்டு' வாங்க வேண்டும். குழந்தைகளோடு வேலை செய்ய குவீன்ஸ்லாந்து அரசு தருகிற அனுமதி அது. அது வராமல் ஒரு நாள்கூட வேலை பார்க்க முடியாது, கையில் பாட்டியாலா விளையாட்டுக் கழகத்தின் கோச் டிப்ளமோவே இருந்தாலும். சிபிஆர், அதாவது மூச்சும் இதயமும் நின்றவருக்குச் செய்கிற முதலுதவி, அந்தப் பயிற்சியை வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும்.

வேலை நேரம் காலை 5 முதல் 7, மறுபடி பள்ளி விட்டதும் மாலை 6:30 வரை. நடுப்பகல் இரண்டுங்கெட்டான். ஆரம்பத்தில் மணிக்கணக்குச் சம்பளம். விடுமுறையில் வகுப்பு நின்றால் காசும் நிற்கும். பிள்ளைகள் 'சார்' என்றெல்லாம் சொல்ல மாட்டார்கள், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

இனி உனக்கு அங்கேயே உதவக்கூடியது. கரையோரம் ஒரு பெரிய கடிகாரம் இருக்கும். சிவப்பு முள் நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஒரு நிமிடம் 40 நொடிக்கு (1:40) ஒரு முறை கிளம்பி, நூறு மீட்டரைப் பத்துத் தடவை நீந்த வேண்டும் என்றால், முதல் பிள்ளை முள் 60-இல் கிளம்புவாள், அடுத்த நூறுக்கு 40-இல், அதற்கடுத்து 20-இல், திரும்ப 60-இல். ஒரு லேனில் ஐந்து பேர் ஐந்தைந்து நொடி விட்டுக் கிளம்புவார்கள். கணக்கு பிள்ளையுடையது. அதனால் கோச்சின் கண் நீரைப் பார்க்க முடிகிறது. அங்கே நாம் விசிலும் ஸ்டாப்வாட்சுமாக அலைந்து, பிள்ளையின் கைவீச்சைப் பார்க்காமலே விட்டுவிடுகிறோம்.

பார்க்க வேண்டியது இது. பதின்மூன்று வயதுப் பிள்ளை நூறு மீட்டரை 1:22-இல் முடிக்கிறாள், 50 மீட்டருக்கு 42 கைவீச்சு. ஏழாவது நூறிலும் 1:22தான், ஆனால் வீச்சு 47. கடிகாரத்தை மட்டும் பார்ப்பவர் "சபாஷ்" என்பார். உண்மையில் நீருக்குள் முழங்கை தாழ்ந்துவிட்டது, உள்ளங்கை நீரைப் பிடிக்காமல் வழுக்குகிறது, குறைந்ததை வேகமாகச் சுற்றி ஈடுகட்டுகிறாள். அடுத்த இரண்டு நூறுக்கு இடைவெளியை 1:50-க்கு மாற்று. வீச்சு 43-க்கு இறங்கினால் தொடரலாம். இறங்காவிட்டால் 200 மெதுவாக நீந்தவிட்டு முடித்துவிடு. மீதியை நீந்தினால் தப்பான வீச்சைத்தான் பழகுவாள். தோள் வலிக்கிறது என்றால் உள்ளங்கையில் மாட்டிக்கொள்கிற பயிற்சித் தட்டான கைத்துடுப்பை அன்றே கழற்று.

இன்னொன்று, மல்லாந்து நீந்துவதற்கான கொடிக் கயிறு. சுவரிலிருந்து 5 மீட்டர், நீர்மட்டத்துக்கு மேலே 1.8 மீட்டர். கொடி தலைக்கு மேலே வந்ததும் பிள்ளைகள் வீச்சை எண்ணிச் சுவரைத் தொடுவார்கள். காற்றில் கயிறு அறுந்தால் அன்று பேக்ஸ்ட்ரோக் கிடையாது, மண்டை சுவரில் மோதும். நம்ம ஊர்க் குளத்தில் அது இல்லையே, முதலில் கட்டு. ஐந்து மீட்டரை டேப் வைத்து அள, காலடிக் கணக்கு வேண்டாம். இடம் மாறினால் எண்ணிக்கையும் தப்பும்.

கடிகாரம் இங்கே என்ன விலை என்று விசாரிக்கிறேன். அதுவரை பெரிய சுவர்க் கடிகாரம் ஒன்றின் நொடி முள்ளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, எதிர்க்கரையிலிருந்து தெரிகிற மாதிரி மாட்டு.

அன்புடன்,
அண்ணன்